விரத எடையும் வீட்டுச் சண்டையும்

மருந்து கலக்கினால் போதும் என்று நம்பித்தான் தேனியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். எடை மிஷினில் ஏறி இறங்கும் புருஷன் பெண்டாட்டிக்குப் பஞ்சாயத்தும் பண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மனைவியோடு சேர்ந்து பட்டினி கிடந்து தோற்ற அன்பர்களே, நீங்கள் தனியாள் இல்லை.

சஷ்டி வழக்கு

பருத்திக் கமிஷன் கடை சுப்பையாவும் அவர் மனைவி பேச்சியம்மாளும் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தார்கள். இருவருக்கும் வேளைக்கு ஒரு டம்ளர் பால், ஒரு பழம். விரதத்துக்கு முன்பே எடை பார்த்திருந்தார்கள். ஏழாம் நாள் மறுபடி ஏறினால், அவருக்கு ஏழு ராத்தல் குறைவு; அந்தம்மாவுக்கு இரண்டுதான்.

"ஒளிஞ்சு தின்னுருக்கா டாக்டர்! சாமி குத்தம்! இன்னைக்கே தேவதானப்பட்டியில அவ அண்ணன் வீட்டுல கொண்டு போய் விட்டுர்றேன்" என்று சுப்பையா குதித்தார். பேச்சியம்மாள் முகம் சுண்டிவிட்டது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளை பெத்துப் பால் குடுக்கறதுக்குன்னே அமைஞ்ச பொம்பளை உடம்புய்யா அது. பட்டினி போட்டா இருக்கிற கொழுப்பைச் சிக்கனமாச் செலவழிக்கும். உம்ம உடம்பு சதையையும் சேர்த்துக் கரைச்சுப்புடும். அந்தம்மா மேல தப்பே இல்லை."

சுப்பையா தலையைச் சொறிந்தார். பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"டாக்டரய்யா, ஆறு நாளும் சமையக்கட்டை நூறு தடவை எட்டிப் பார்த்தது யாருன்னும் இந்த மிஷின் சொல்லுமா?"

ஜவுளிக் கடை விளக்கம்

யுத்த காலம். நோன்பு முடிந்த கையோடு உத்தமபாளையத்து ஜவுளிக் கடை காதர் ராவுத்தர், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக் கரியில் ஓடிய கரி பஸ்ஸில் மனைவி பாத்திமா பீவியோடு வந்தார். இடுப்புப் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். "ஒரே நோன்பு, ஒரே கஞ்சி. நான் இப்படி ஆயிட்டேன், இவ அப்படியே இருக்காளே!" என்று டானிக் கேட்டார்.

டாக்டர் வாய் திறப்பதற்குள் பீவி முந்திக்கொண்டார்.

"சரக்குக் கிடைக்காத காலத்துல, கிட்டங்கியில பூட்டி வச்சிருக்கிறதை யாராச்சும் வெளிய விடுவாகளா?"

ராவுத்தரே சிரித்துவிட்டார்.

என் கதை

பிறகு ரேஷன் வந்தது. என் மனைவி சரசுவுக்கும் எனக்கும் ஒரே அளவுச் சோளக் கஞ்சி. இரண்டு மாதத்தில் அவள் வளையல்கூடத் தளரவில்லை. கிணற்றிலிருந்து இரண்டு குடம் ஒன்றாகத் தூக்கி வருவாள். நானோ படி ஏறினால் மூச்சு வாங்குவேன்.

ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரி நிறையக் கூட்டம். இரண்டு கையிலும் மருந்துக் குப்பியோடு பெயர் கூப்பிட வந்தேன். இடுப்பில் ஏதோ நழுவியது. குப்பியை விட்டால் மருந்து போகும், விடாவிட்டால் மானம் போகும். மரம் மாதிரி நின்றேன். முன்வரிசையில் இருந்த பழனிசெட்டிபட்டிக்கார அம்மாள் ஒருவர்தான் கத்தினார்.

"ஏய்யா கம்பவுண்டரு, மருந்து கிடக்கட்டும், மொதல்ல வேட்டியப் பிடிங்க!"

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டினியில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான் என்று சாதிக்கிறவர் நிச்சயம் கல்யாணம் ஆகாதவர்.