உப்பாத பன்னிரண்டு அப்பளம்

நான் எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இருந்தும் மலேசியாவில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை வாழையிலையில் விழும் அப்பளத்தில் பாதி என் பண்டமாரான் பட்டறையில் செய்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை முதலாளி குமார் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே, எண்ணெயில் போட்டும் உப்பாத பன்னிரண்டு அப்பளம்.

“அண்ணே, ஆயிரம் அப்பளம் இருக்குற பையில பன்னெண்டு இப்படி இருக்கு. ஒரு கஸ்டமர் இதை எடுத்து விசிறிக்கிட்டாரு. அடுத்த பையும் இப்படி வந்துச்சுன்னா நான் செமினி ஊர் அப்பளக்காரன்கிட்ட வாங்கிக்கிறேன் லா.”

பட்டறையில் இரண்டு மெஷின். பெரியதை நான் ஓட்டுகிறேன். பழைய சின்னதை என் மனைவியின் தம்பி சேகர் ஓட்டுகிறான். இரண்டிலும் வருவதை ஒரே பையில் கலந்து கட்டுவோம். அப்புறம் எது யார் செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஆனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். “பாஸ், இது மச்சான் மெஷின்தான். அதை இரும்புக்குப் போட்டுடுறேன். இந்தப் பன்னெண்டையும் மாலையா கட்டி, செஞ்சவன் கழுத்துலயே போடுறேன். நீங்களே வந்து பாருங்க.”

“மெஷின் போனா நானும் போகணுமே, மாமா,” என்றான் சேகர்.

“பழைய இரும்பு எடுக்க வர்ற லோரியில ஏறிக்கோ. உன்னை எடைக்கு எடுப்பானான்னு கேட்டுப் பாக்குறேன்.”

இருந்தாலும் நான் நியாயஸ்தன். ஒவ்வொரு மெஷினிலும் நூறு நூறாக எடுத்துப் பொரித்துப் பார்த்தேன். மூன்று நாள் வீட்டில் காலையிலும் அப்பளம், மாலையிலும் அப்பளம். பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் நான் தட்டோடு வருவதைப் பார்த்தால் ஷட்டரை இறக்கினார். கணக்கு கிடைத்தது. என்னுடையதில் நூற்றுக்கு ஒன்று உப்பவில்லை. சேகருடையதில் நூற்றுக்கு மூன்று.

உடனே பழைய இரும்பு லோரிக்குப் போன் போட்டேன். குமாரையும் கூப்பிட்டேன்.

லோரி வாசலில் நின்றது. “ஏங்க,” என்றாள் என் மனைவி. பை கட்டுகிறவள் அவள்தான். “ஆயிரத்துல உங்க அப்பளம் எத்தனை?”

“தொள்ளாயிரம். என் மெஷின் வேகம் யாருக்கு வரும்?”

“தம்பிது?”

“நூறு. எருமை வேகம்.”

“நூத்துக்கு ஒண்ணுன்னா தொள்ளாயிரத்துக்கு உங்களுது ஒன்பது போச்சு. நூத்துக்கு மூணுன்னா அவனுது மூணுதான். குமார் அண்ணன் கொண்டுவந்த பன்னெண்டுல ஒன்பது யாருது?”

நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டாவது முறை எண்ணியும் ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டுதான் வந்தது. சேகர் மெஷின் மூன்று மடங்கு மோசம், உண்மைதான். ஆனால் உப்பாத அப்பளம் ஒன்றைக் கையில் எடுத்தால், நாலுக்கு மூன்று தடவை அது என் மெஷின் பெற்ற பிள்ளை. சேகரை விரட்டியிருந்தாலும் குமாருக்கு விசிறி போய்க்கொண்டேதான் இருந்திருக்கும்.

“அண்ணே, மாலை?” என்றார் குமார்.

பொரித்து நாளாகி அப்பளம் நமத்துப்போயிருந்ததால் கோணி ஊசி சுலபமாக இறங்கியது. மனைவி இரண்டு மாலை கட்டினாள். எனக்கு ஒன்பது, சேகருக்கு மூன்று. குமார் போட்டோ எடுத்தார். வந்த லோரியைச் சும்மா அனுப்பக் கூடாது என்று ஓடாத ஃபேன் ஒன்றைக் கொடுத்தோம்.

அன்றே என் மெஷின் ரோலரை முறுக்கி, மாவு ஒரே கனத்தில் வரும்படி செய்தேன். அடுத்த பையில் மூன்றுதான் உப்பவில்லை. “மூணுன்னா பரவாயில்ல லா. எங்க டீ மாஸ்டர் அதைவிட அதிகமா கிளாஸ் உடைக்கிறாரு,” என்றார் குமார். பிறகு சேகர் மெஷினுக்கும் ரோலர் மாற்றினேன்.

பிள்ளைகளே, கெட்ட சரக்கு வந்தால் நூற்றுக்கு யார் அதிகம் தப்பு செய்கிறான் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் எவ்வளவு சரக்கு செய்கிறான் என்றும் கேளுங்கள்.

அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யார் மாலை பெரியது என்று நான் கேட்டால் மட்டும், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேகரைக் காட்டுகிறார்கள்.