சைக்கிள் ஏறாத பைக்கு

தம்பி ஜெயித்தவை ஐந்து. மூன்று வயதில் வந்த காய்ச்சல். நெஞ்சுக்குள் உப்பிய ரத்தக்குழாய். பந்துப் பக்கமே அண்டவிடாத விளையாட்டு வாத்தியார். தெருப் பயல்கள் வைத்த பட்டப்பெயர். ஐந்தாவது, இந்த நாலையும்விடப் பிடிவாதக்காரியான அவனுடைய அக்கா. இப்போது அப்பாவின் பட்டறையில் பழுது பார்த்த வண்டிகளைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறவன் அவன்தான்.

அந்தக் காய்ச்சலுக்கு முதலில் தொண்டைப்புண் மருந்துதான் கொடுத்தார்கள். காய்ச்சல் மசியவில்லை. கண் சிவந்தது, உதடு வெடித்தது, கைகால் வீங்கியது. இரண்டாவது வாரம் விரல் நுனியில் தோல் உரிய ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

டாக்டரம்மா அவன் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"இதுக்குன்னு தனி டெஸ்ட் கிடையாது. அடையாளங்களை ஒண்ணாச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்கணும். இது கவாசாகி."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது வண்டி பேரு ஆச்சேங்க! போன வாரம் பட்டறையில ஒரு வண்டி டேங்க்கை நக்கிக்கிட்டு நின்னான். அதுல இருந்தா ஒட்டிக்கிச்சு?"

"ஒட்டுற நோய் இல்லைங்க. கண்டுபிடிச்ச டாக்டரோட பேரு அது. உடம்புல இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் அழற்சியாயிடும். இதயத்துக்குப் போற குழாயும் சேர்த்து."

மருந்தை மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் நெஞ்சு ஸ்கேனில் இதயக் குழாய் ஒரு இடத்தில் உப்பியிருந்தது.

"டியூப் ஒரு பக்கமா உப்பின மாதிரியா?" என்றார் அப்பா.

"அதேதான். உள்ளே ரத்தம் உறையக்கூடாது. தினமும் மாத்திரை போடணும். மாத்திரை போடுறவரைக்கும் பலமா அடிபடவும் கூடாது, பட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது."

டேங்க்கை நக்கிய கதை பட்டறையிலிருந்து தெருவுக்குப் போய், அவன் பெயர் பைக்கு ஆகிவிட்டது. பைக்கு சைக்கிள்கூட ஏறியதில்லை. அக்கா விடமாட்டாள். அடிபடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைப் பதின்மூன்று வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டவள், அதை மறக்கவில்லை. மாலையில் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். "பைக்கு, செருப்பைப் பாத்துக்கடா!" என்று விட்டெறிந்துவிட்டு மற்றவர்கள் ஓடுவார்கள். யார் செருப்பு எது என்று அவனுக்கு அத்துப்படி. யார் வீட்டுக்குள்ளும் அவன் போனதில்லை. இருட்டியதும் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். அவன் மட்டும் கடைசியாக, தன் ஒரு ஜோடியோடு வருவான். அக்கா வாசலில் நிற்பாள்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூட்டிப்போவது அவள்தான். அப்பாவின் கை எப்போதும் கிரீஸ் என்பதால், அவளுக்குப் பதினெட்டு ஆனதிலிருந்து ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்தும் அவளுடையதுதான்.

அவனுக்குப் பதினெட்டு ஆனபோது, ஆஞ்சியோ செய்து, ரத்தக்குழாய் வழியாகவே இதயம் வரை உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. வீக்கம் வற்றியிருந்தால் கட்டுப்பாடெல்லாம் தளர்த்திவிடலாம். உள்ளே போவதில் ஆபத்து கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

"ஒண்ணும் வேண்டாம். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"இப்படியேன்னா? செருப்பைப் பாத்துக்கிட்டேவாக்கா?"

நர்ஸ் சம்மதத் தாளை நீட்டியதும் அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "நான் போடமாட்டேன்."

"உங்களை யாரும்மா கேட்டது?" என்றார் நர்ஸ். "பதினெட்டு ஆச்சுல்ல. அவர்தான் போடணும்."

அவர்! பேனா அக்காவைத் தாண்டிப் போனது. அதை வாங்கியவன் விழித்தான். அவனுக்கென்று ஒரு கையெழுத்தே இல்லை. பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதி முடித்தான். அக்காவின் கைகளுக்கு இனி வேலை இல்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேதியும் போடுங்க."

அவன் நிமிர்ந்தான். "இன்னைக்கு என்ன தேதிக்கா?"

அது ஒன்றாவது அவளிடம் கேட்டானே. வருஷத்தையும் விடாமல் சொன்னாள்: பதினொன்று, ஜூன், இரண்டாயிரத்துப் பதினைந்து.