சடுகுடுக்காரர்களிடம் மாட்டிய தாய்ச்சி வாத்தியார்

தான் அடி வாங்கிக்கொண்டே அடுத்தவருக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுக்கும் தொழில் என்னுடையது. எந்தப் பாடத்துக்கு வாத்தியாராக இருந்திருந்தாலும் என் வலி உங்களுக்குப் புரியும். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு சீனரிடம் தாய்ச்சி என்ற தற்காப்புக் கலையைக் கற்றேன். ஊர் திரும்பியதும் வலங்கைமானில் ஒரு ரைஸ்மில் களத்தில் வகுப்பு வைத்தேன். எதிராளி தள்ளினால் முட்டாதே, அவன் கைமேல் கையை ஒட்டவைத்து, இடம் கொடுத்துத் திருப்பிவிடு. இதுதான் என் சரக்கு.

முதல் மாணவர்

காளியப்பன் நாற்பது வயதுக் குத்தகை விவசாயி. குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்த நேரம். யார் சாகுபடி என்று பார்க்க அதிகாரி வரும்போது அவர் வயலில் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் நிலம் போய்விடும். அதற்குள் அவரை இழுத்து வெளியே போட நிலச் சொந்தக்காரரின் பண்ணை ஆட்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் சடுகுடு ஆட்டக்காரர்கள்.

"நீங்களும் சடுகுடு ஆடுறவர்தானே, என்னைப் பிடிங்க பார்ப்போம்" என்று நின்றேன். நெஞ்சில் தள்ளுவார் என்று பார்த்தால், மனுஷன் குனிந்து கணுக்காலை வாரிவிட்டார். காய்ந்துகொண்டிருந்த நெல்லில் மல்லாந்து கிடந்தேன். சிங்கப்பூரில் யாரும் காலைத் தொட்டதே இல்லை! காளியப்பன் பதறிப்போய்க் கேட்டார்:

"கால எங்க வச்சிக்கணும்னு சீனாக்காரரு சொல்லலீங்களா வாத்தியாரே?"

தொட்டியில் பயில்வான்

சேதி பரவி, கும்பகோணத்திலிருந்து ஒரு குஸ்தி பயில்வான் வந்துவிட்டார். வந்த வேகத்தில் என்னை இடுப்போடு கட்டினார். பயத்தில் என் உடம்பு தளர்ந்துபோய், அவர் இழுத்த பக்கமே சாய்ந்து திரும்பினேன். அடுத்த நொடி ஆளைக் காணோம். நெல் ஊறவைக்கும் தொட்டியில் கிடந்தார். அவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. என் வித்தைமேல் எனக்கே அன்றுதான் நம்பிக்கை வந்தது. பயில்வான் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் தள்ளலீங்க, என்னைய நானே தூக்கிப் போட்டுக்கிட்டேன்."

ஜீப் வந்த காலை

காளியப்பன் மட்டும் தேறவே இல்லை. தள்ளினால் ஓர் அடி பின்னால் வைக்க மாட்டார். "இடம் கொடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

அதிகாரி வருகிற அன்று நானும் வயலுக்குப் போனேன். காளியப்பனின் மனைவி சரோஜா வரப்பில் நின்றார். பண்ணை ஆட்கள் நான்கு பேர் இறங்கினார்கள். இருவர் என்மேல் பாய, பின்வாங்கித் திருப்பி ஒருவனைச் சேற்றில் கவிழ்த்தேன். மறுபடி பின்வாங்கி மற்றவனையும் கவிழ்த்தேன். ஜீப் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், காளியப்பன் நடுவயலில் முழங்கால் சேற்றில் நிற்கிறார். இடுப்பில் ஒருவன், கழுத்தில் ஒருவன். வாயெல்லாம் ரத்தம். ஆள் அசையவில்லை. அதிகாரி அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவரை நகரச் சொல்லி நச்சரித்தவன் நானல்லவா! சரோஜா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரக் கவுத்திட்டீங்க வாத்தியாரே, சந்தோசம். ஆனா நீங்க இப்ப நிக்கிறது அடுத்தவங்க வயலு."

அதன்பிறகு வகுப்பில் பின்வாங்குவதை நானும் நகராமல் நிற்பதைக் காளியப்பனும் சொல்லிக்கொடுக்கிறோம், கூட்டமெல்லாம் அவர் பக்கம்தான்.