சாம்பலக்காவும் நீல வெளிச்சமும்

"மாவாட்டம் இருக்கா, நறநறங்குதா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அரிசி ஆலைக் கொதிகலனுக்குப் பின்னால் குந்தியிருக்கிறார் சாம்பலக்கா. உமிச் சாம்பலை இரு விரலில் தேய்க்கிறார், முகர்கிறார், கன்னத்தில் பூசிக்கொள்கிறார். கடைசியது வேண்டுமென்று செய்வதல்ல. மூக்கு அரித்தால் கை சும்மா இருக்குமா?

ஆராய்ச்சிக்கூடத்தின் மூலை அறையில் அந்தச் சாம்பலைக் காரத்தில் வேகவைத்து, அமிலம் ஊற்றி, அலசி உலர்த்தி வெள்ளைத் தூளாக்குவார். பூஞ்சணம் பிடித்த கடலையிலிருந்து எண்ணெயில் இறங்கும் நஞ்சை அந்தத் தூள் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நான்கு வருடமாக அதே கட்சி. தூள் போட்டுக் கலக்கிய எண்ணெயில் மிச்சமிருக்கும் நஞ்சை ஸ்பிரிட்டில் பிரித்து, துணியில் வடிகட்டி, இருட்டில் ஊதா விளக்கைக் காட்டுவார். நஞ்சிருந்தால் நீலமாக மின்னும். பாழாய்ப்போன நீலம் ஒவ்வொரு தடவையும் மின்னிற்று.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் மின்னுச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடுங்கம்மா" என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்காவின் கணவர் சலவைக்கடைக்காரர். "நீ அழுக்கைத் தேடிப் போற, நான் அதை விரட்டிட்டுப் பின்னாலயே வர்றேன்" என்பார். வடிகட்டும் துணிகளையும் அவரேதான் ஆசையாக வெளுத்துத் தருவார்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர், இருட்டறைக்குள் தலையை நீட்டினார். ஊதா விளக்கு பட்டதும் அவர் சட்டை பளீரென்று நீலமாக எரிந்தது. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏங்க! சட்டைக்கு என்னத்தைப் போடுறீங்க?"

"வெளுப்புத் தூள்தான். வெள்ளைன்னா கண்ணைப் பறிக்க வேணாமா?"

"என் வடிகட்டுற துணிக்கு?"

"அதுக்கு ரெண்டு கரண்டி கூடவே போடுவேன்!" என்றார் பெருமையாக.

அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "நஞ்சு இல்லைங்க! உங்க வெளுப்புத் தூள் துணியிலேர்ந்து இறங்கி மின்னியிருக்கு! இத்தனை நாளா உங்க பாசத்தைப் பார்த்துத்தான் நான் அழுதிருக்கேன்!"

துணியைக் கடாசிவிட்டு, சாம்பல் தூள் போட்ட எண்ணெய், போடாத எண்ணெய் இரண்டின் சாற்றையும் தாளில் வடிகட்டினார். சொட்டு... சொட்டு... ஒரு மணி நேரம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு விளக்கைக் காட்டினால், தூள் போடாத எண்ணெயின் சாறு ஜம்மென்று நீலம். தூள் போட்டதோ கும்மிருட்டு! கணவரின் இரு கையையும் பிடித்துக்கொண்டு, தூக்குச்சட்டி உருள, அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார் அக்கா.

கதவு தட்டும் ஓசை. "சாமானெல்லாம் கட்டியாச்சாம்மா?" என்றார் இயக்குநர்.

அக்கா இயக்குநரின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். கணவரை அந்த மின்னும் சட்டையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.