அழாத பெண்களுக்குக் கிடைத்த பாராட்டு

அந்தப் படம் வெளியானபோது அதைக் குப்பை என்று எழுதியவர்களில் ஒருவர்தான் இன்று அதைக் காவியம் என்று எழுதுகிறார். இடைப்பட்ட காலத்தில் படம் மாறவில்லை. அவருக்கு வயதானது, இயக்குநர் இறந்துபோனார், வெளிநாட்டு விழா ஒன்றில் படத்தைத் திரையிட்டார்கள். காவியமாவதற்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். முதுகலையில், பழைய படங்களுக்கு அன்று வந்த விமர்சனங்களையும் பிற்பாடு வந்தவற்றையும் ஒப்பிட்டுத்தான் ஆய்வு செய்தேன். அதில் இந்தப் படத்தைச் சேர்க்கக் காரணம் உண்டு. மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம் அது. கதாநாயகியின் இறுதிச் சடங்குக் காட்சியில் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

காட்சியில் ஒரு பெண்ணும் அழுவதில்லை. இறுகிய முகத்தோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். மரக்கட்டைகளை நிறுத்திப் படம் எடுத்திருப்பதாக அன்று அந்த விமர்சகர் கேலி செய்தார். அழத் தெரிந்த நாலு பேர்கூடவா கிடைக்கவில்லை என்றும் கேட்டிருந்தார். இப்போது அவருக்கு அதே காட்சிதான் படத்தின் உச்சம். உழைக்கும் மக்களின் வற்றிப்போன கண்ணீரை மௌனத்தால் காட்டிய இயக்குநரின் துணிச்சல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

நடந்தது வேறு. சின்ன வயதிலிருந்து அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"பெட்டிக்குள்ள அந்தப் பிள்ள மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கு. உசுரோட இருக்கிறவளுக்கு எவளாவது ஒப்பாரி வைப்பாளா? வச்சா நம்ம வீட்டுல எழவு விழும்லா? மாட்டோம்னுட்டோம். டைரக்டரு குதிக்காரு. அவருக்க கையாளு ஒருத்தன் இப்படித்தான் அழணும்னு நெஞ்சுல அடிச்சிக் காட்டுதான். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கல. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னோம். அதுக்குள்ள மஞ்சு எறங்கி வெளிச்சம் போக ஆரம்பிச்சிட்டு. சரி போன்னு எடுத்துட்டாரு."

வற்றிய கண்ணீர் என்று அவர் எழுதிய முகங்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த முகங்கள்.

சென்ற ஆண்டு மூணாறில் அந்தப் படத்தைப் புதுப்பித்துத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். விழா மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். விமர்சகராக என் பெயர் முதல்முறையாக அச்சில் வரப்போகிறது. நான் எழுதியது இதுதான்: திட்டியபோதும் புகழ்ந்தபோதும் விமர்சகர்கள் இயக்குநரை மட்டுமே பார்த்தார்கள். அந்த மௌனம் அவருடையது அல்ல, முடியாது என்று சொன்ன பெண்களுடையது. நல்ல கட்டுரை. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கட்டுரையைப் படித்த மலராசிரியர், மூத்த விமர்சகரின் கருத்தோடு இது மோதுகிறதே என்று தயங்கினார். அந்தக் காட்சியில் நின்ற ஒருவரிடம் நேரிலேயே கேட்டுவிடலாமே என்றேன். திரையிடலுக்குச் சில வாரங்கள் முன்பு அந்த விமர்சகரையே ஜீப்பில் எங்கள் லயத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்று படத்தைத் திட்டி எழுதியவர்தான் வருகிறார் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். எனக்குப் பயமே இல்லை.

அம்மா அவருக்கு நாற்காலி போட்டாள். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். அவர் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, "அம்மா, அந்த சீன்ல பிரமாதமா நடிச்சிருந்தீங்க. அழ வேண்டாம்னு டைரக்டர்தானே சொன்னாரு?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா. அவுகதான் சொன்னாக. உள்ளுக்குள்ள அழுங்கன்னாக."

அவர் கண்கள் மின்னின. அடுத்த வீட்டு அத்தையும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான். "எக்கா, நீதான அன்னைக்கு மொதல்ல இளிச்ச?" என்றாள். அம்மா, "சும்மா கெடட்டி" என்று அதட்டினாள். அவர் அதற்குள் பதிவை நிறுத்திவிட்டிருந்தார்.

ஜீப் போனதும் கத்தினேன். "எதுக்கும்மா பொய் சொன்ன?"

"படம் வந்தப்ப என்ன நடந்துச்சின்னு ஒனக்குத் தெரியுமாட்டி? ஆபீஸ்ல இருந்த ஒருத்தன் பத்திரிகையில போட்டத, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நின்னு எல்லாருக்கும் வாசிச்சான். அன்னையிலருந்து கங்காணி எங்கள மரக்கட்டன்னுதான் கூப்பிட்டான். கொழுந்து நிறுக்கப் போனா 'வா மரக்கட்ட'. ஒன் அப்பா பொண்ணு பாக்க வந்தப்பவும் எவனோ அதச் சொல்லித்தான் சிரிச்சான்."

"அதுக்குத்தானம்மா நான் எழுதுதேன். நீங்க மாட்டோம்னு சொன்னது எவ்வளவு பெரிய விசயம்!"

"யாருக்குப் பெருசு? ஒனக்கு. இத்தன வருசம் கழிச்சி அந்த மனுசனே வந்து நல்லா நடிச்சேன்னு சொல்லுதாரு. நீ படிச்சவ, எங்க அம்மா நடிக்கவே இல்ல, இளிச்சிக்கிட்டு நின்னான்னு எழுதுவியோ?"

எனக்குப் பதில் இருந்தது. நிறையவே இருந்தது. எல்லாம் புத்தகத்தில் படித்த பதில்கள். அவற்றில் ஒன்றைக்கூட அம்மாவிடம் சொல்லும்படி இல்லை.

மலர் வந்தது. என் கட்டுரையிலிருந்து, அழ முடியாது என்று பெண்கள் சொன்ன பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் வைத்த தலைப்பையும் மாற்றி, 'தோட்டத்து மகளின் நினைவுகள்' என்று போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் மூத்தவரின் கட்டுரை, அம்மாவின் படத்துடன். உள்ளுக்குள்ளே அழச் சொன்ன இயக்குநரின் மேதைமையை அதில் வியந்திருந்தார். முன்பு மரக்கட்டை என்று எழுதியது தாம்தான் என்பதை எங்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அம்மா, அந்தக் காட்சியில் நின்ற பெண்களை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மலரை என் கையில் கொடுத்து, "வாசிட்டி" என்றாள். மூத்தவரின் கட்டுரையை வாசித்தேன். அம்மாவுக்குப் புரியாத சொற்களை எளிதாக்கியும் கொடுத்தேன். அன்று முதலில் இளித்தது யார் என்று கேட்ட அத்தை, "நெசமாவே அப்பிடித்தான் சொன்னாரு, இப்பத்தான் ஞாவகம் வருது" என்று கண்ணைத் துடைத்தாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"இனி ஒன்னோடத வாசி" என்றாள் அம்மா.

அதில் ஒன்றும் இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை.