வரைபடம் ஆற்றில் விழுந்த காட்சி

நாலு விடலைப் பையன்கள் புதையல் தேடிக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருத்தனுக்கும் பசிக்கவில்லை, கொசு கடிக்கவில்லை, சட்டைக் காலர்கூடக் கசங்கவில்லை. புலி வந்தால் நட்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்கள்; அதுவும் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறது. இந்தக் கண்றாவிப் படத்தில் கதாநாயகப் பையனுக்குக் குரல் கொடுத்தவர் எங்கள் டப்பிங் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தலைவிதியே என்று அதை ஒலிப்பதிவு செய்தவன் நான்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. தொண்டையைக் கொஞ்சம் இறுக்கினால் மீசை அரும்பும் பையன் வந்துவிடுவான். புருஷன் விபத்தில் போன பிறகு அந்தத் தொண்டைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. மகனுக்கோ அது அவமானம். பள்ளிக்கூடத்தில் ஓட்டுகிறார்களாம். அம்மா பேசிய படம் எதையும் அவன் பார்த்ததில்லை. இது அவன் வயசுப் பையன்கள் படமாயிற்றே, இதையாவது பார்த்துவிட்டு "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட மாட்டானா என்று அக்காவுக்கு ஏக்கம்.

புதையல் வரைபடம் ஆற்றில் விழுகிறது. நாயகன் கரையில் மண்டியிட்டு "ஐயோ" என்று அலற வேண்டும். அக்கா அலறி அலறித் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஃபீல் பத்தலம்மா. உயிரே போற மாதிரி வேணும்" என்றார் டைரக்டர்.

அந்தப் படத்தில் உயிர் எங்கே இருந்தது, போவதற்கு? அக்கா தண்ணீர் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து வந்தது வேறு அலறல். பாதியில் உடைந்து, மூச்சை உள்ளே இழுத்து, விக்கி நின்றது. டைரக்டர் ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி கைதட்டினார். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு.

படம் வெளியான அன்று, அக்கா கெஞ்சிக் கூத்தாடியதில், மகன் நண்பர்களோடு தியேட்டருக்கு வந்தான். நானும் அக்காவும் பின்வரிசையில். பையன்கள் முதல் காட்சியிலிருந்தே கலாய்த்தார்கள், நியாயம்தான். மகனும் சேர்ந்து சிரித்தான். ஆற்றுக் காட்சி வந்தது. அலறலைக் கேட்டு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மட்டும் எழுந்து வெளியே போனான்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பாப்கார்ன் மெஷின் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஆஸ்பத்திரியில அப்பாவ வெளிய கொண்டுவந்தப்ப நான் கத்துனதும்மா அது."

அக்கா அவன் தோளைத் தொடக் கை நீட்டினார்.

"ஒரு காகிதம் ஆத்துல போனதுக்காம்மா?" என்றான்.