அமலாவின் பாட்டு நிற்கும் இடம்

காலை ஐந்தே முக்கால். தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜ் வாசலில் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் கைகாட்டியபோது எனக்கு நல்ல கோபம். வேலூரிலிருந்து முந்தின நாள் மாலை வந்து, அறுநூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்து, அங்கிருந்த கொசுக்களுக்கெல்லாம் விருந்து வைத்து எழுந்திருக்கிறேன். எதற்கு? ஒரு பாட்டில் ஓர் இடத்தில் எத்தனை எண்ணிக்கை விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு.

இருபத்தேழு வருடமாக மெல்லிசைக் குழுக்களில் டோலக் வாசிக்கிறேன். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. கருணாகரன் கையில் தாளம் பிசகியது என்று யாரும் சொன்னது கிடையாது. சொல்ல விட்டதும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு ஆம்பூரில் எங்கள் குழுவில் ஒரு நாள் பாட வந்தவள் அமலா. தங்கவயல்காரி. முப்பத்தைந்து வயது. பெங்களூர் ஒக்கலிபுரம் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறாள். சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டும் போடுவாள். சனிக்கிழமை பெங்களூர் மர்பி டவுனில் சொந்தப் பாட்டுப் போட்டி, நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று பாட்டைப் பாடிப் போனில் அனுப்பியிருந்தாள்.

பாட்டு அருமை. முன்னால் வேகமாக நடந்து போகும் கணவனைப் பின்னாலிருந்து கூப்பிடும் பெண்ணின் பாட்டு. ஆனால் நிதானமாக எடுக்கிறாள், பிறகு ஓடுகிறாள், அப்புறம் யாரைக் கேட்டோ தளர்கிறாள், கடைசியில் பாட்டையே நிறுத்திவிடுகிறாள். சுத்த மௌனம். திடீரென்று மறுபடி கிளம்புகிறாள்.

"அந்த கேப்புல எத்தினி எண்ணணும்?" என்று போனில் கேட்டேன்.

"தெரியாதுண்ணா. கிளம்பற வரைக்கும்."

"எப்பக் கிளம்புவே?"

"அதான் தெரியாதுன்றேனே."

அந்த இடத்தையே தூக்கிவிடு என்றேன். மாட்டேன் என்றாள். போன வருடமும் இதே மேடை, இதே பாட்டு. அவள் நிறுத்தியதும் பாட்டு முடிந்துவிட்டது என்று ஜனங்கள் கை தட்டிவிட்டார்கள். அறிவிப்பாளர் மைக்கை வாங்கி அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார். மீதிப் பாட்டு அவள் தொண்டையிலேயே நின்றுபோனது. சரக்கு இருக்கிறது, தாளக்கட்டு இல்லை என்று நடுவர் சொன்னாராம்.

"வண்டியில பாடினா கரெக்டா வருதுண்ணா. மேடையிலதான் இன்னாவோ கோளாறு. நீங்க ஒரு நாள் என்கூட வண்டியில வந்து பாருங்க. இந்த வாட்டியும் சரியா வரலன்னா இனிமே பேர் குடுக்க மாட்டேன். பாட்டு எழுதறதையே வுட்டுடுவேன்," என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் புறப்பட்டேன்.

6.20, கோரமண்டல் நிலையம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய், ரயிலுக்கு இருபது ரூபாய். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேட்டின் மேல் அப்போதுதான் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. அமலா நடைமேடையில் நின்று கையை ஆட்டினாள். அவளோடு ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை. ஒவ்வொருவருக்கும் வண்டிக்குள் இன்ன இடம் என்று உண்டு. டோலக்குக்கு மேலே தட்டில் இடம் ஒதுக்கினார்கள். எனக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெயராஜ் என்பவர் தள்ளி உட்கார்ந்து அரை ஆள் இடம் கொடுத்தார். எலக்ட்ரீஷியன், நரைத்த மீசை, மடியில் பெரிய எவர்சில்வர் டிபன் டப்பா.

"டோலக்கா? நம்ம கச்சேரிக்கு அதெல்லாம் வாணாம் சார். டப்பா போதும்," என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பங்காருப்பேட்டையில் கூட்டம் மொய்த்தது. டேக்கல், மாலூர் என்று ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஏறினார்கள். கை அசைக்க இடமில்லை, பாட்டாவது ஒன்றாவது! வேர்க்கடலைக்காரர் மட்டும் எப்படியோ நுழைந்து வந்து, "கட்ளேக்காய், கட்ளேக்காய்" என்று ஒரு இழுப்பு இழுத்தார். அமலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இழுப்பு அப்படியே அவள் பாட்டின் முதலடியில் இருக்கிறது. கேட்டதும் எனக்கும் தெரிந்துவிட்டது.

8.05, வொயிட்ஃபீல்டு. பாதி வண்டி காலியானது. காற்று உள்ளே வந்தது. அமலா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜெயராஜைப் பார்த்தாள். அவர் டப்பாவைத் திருப்பிப் பிடித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. பாட்டும் கிளம்பியது.

"முன்னால போறவனே, மூச்சு வாங்க நில்லு,
பின்னால நான் வரேன், பேச்சுத் துணைக்கு நில்லு."

நான் தொடையில் எண்ணிக்கொண்டே வந்தேன். நிதானமாக ஆரம்பித்தது. வண்டி வேகம் பிடிக்க, டப்பாவும் வேகம் பிடித்தது. இரண்டாவது சரணத்தில் எல்லாரும் சேர்ந்து ஓடினார்கள். கீழே தண்டவாளத்தில் தடதட, மேலே டப்பாவில் தடதட. பிறகு அமலா தளர ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல முகத்தைச் சுளித்தேன். சுளித்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்தால், வெளியே மரங்களும் தளர்ந்து போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிருஷ்ணராஜபுரம் வருகிறது. வண்டி வேகத்தைக் குறைக்கிறது. பாடிக்கொண்டே ஜெயராஜும் இன்னும் பத்துப் பேரும் எழுந்து தட்டிலிருந்து பைகளை இறக்கினார்கள். அங்கிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் பிடிக்கிறவர்கள். பெரிய தொங்கு பாலத்தின் நிழல் பெட்டிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. வண்டி நின்றது. பாட்டும் நின்றது. இறங்கினார்கள். நடைமேடையில் நின்ற ஜெயராஜ் உள்ளங்கையால் பெட்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டப், டப். மீதியிருப்பவர்களுக்கு அவர்கள் சொல்லும் டாட்டா அது. வண்டி அசைந்தது.

"நின்னுட்டியா? வா போலாம்.
நெரிசலுல சேந்து போலாம்," என்று எடுத்தாள் அமலா.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னாண்ணா சிரிக்கிறீங்க?"

"இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"எதை?"

அவளுக்கே தெரியவில்லை! பதினொரு வருடம் ஒரே வண்டி, ஒரே இடம். பாட்டு என்றால் இப்படித்தான் வரும் என்று நினைத்திருக்கிறாள். நான் வண்டியையும் பாலத்தையும் இரண்டு தட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வாயில் கையை வைத்துக்கொண்டாள். கன்டோன்மென்ட் வரை முழுப் பாட்டையும் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அப்ப என்கிட்ட தாளம் கீதுண்ணா," என்று மட்டும் மெல்லச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

9.15, ஒக்கலிபுரம். சிட்டி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அமலா அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டிருந்தாள். டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையை ஒத்திகைக்குப் பிடித்திருந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற விக்ரம் ஏற்கெனவே வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கெட்டிக்காரப் பையன். காதில் தாளக் கணக்குச் சொல்லும் கிளிக் சத்தத்தை வைத்துக்கொண்டு வாசிப்பவன். நான் வந்து அமலாவைச் சரிசெய்துவிடுவேன் என்று அவனிடம் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அந்த கேப்புக்கு பதினாறு கவுண்ட் ஃபிக்ஸ் பண்ணிட்டேன் அண்ணா. கரெக்டா?"

"கிளிக்கை அணை," என்றேன்.

"அண்ணா, நீங்கதானே..."

"நான்தான். அணை."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஆனால் கிளிக் இல்லாமல் எடுத்துப் பார்த்தால் புதுச் சிக்கல். அறையில் ரயில் இல்லையே! நின்ற இடத்தில் அமலா நின்றுகொண்டே இருந்தாள். ஒரு தடவை சீக்கிரம் எடுத்தாள், ஒரு தடவை எடுக்கவேயில்லை. ஆறாவது தடவை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கடைசியில் நானே டோலக்கின் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அடுத்த நொடி குரல் வந்தது. சரி, மேடையிலும் நான் தட்டுகிறேன், நீ எடு என்று முடிவு செய்தோம். அதற்குள் ஜனங்கள் கை தட்டிவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, முதலில் சாப்பிடலாம் வா என்றேன்.

கீழே வந்து தட்டு இட்லி சாப்பிட்டோம். ஒன்று முப்பது ரூபாய். ஒன்றே நம் ஊர் மூன்றுக்குச் சமம், நான் இரண்டு சாப்பிட்டேன்.

12.30, விவேக் நகர். ஆட்டோவுக்கு நூற்றித் தொண்ணூறு. டிரைவர் "எல்லிகே சார்?" என்று போகும் இடத்தைக் கன்னடத்தில் கேட்டு ஆரம்பித்து, டோலக்கைப் பார்த்ததும், "சர்ச்சுல ப்ரோகிராமா சார்? இன்னிக்கு ட்ராஃபிக் ஜாஸ்தி, சும்னே டென்ஷன் ஆவாதீங்க," என்று தமிழுக்கு வந்தார். அமலா சின்ன வயதில் விடுமுறைக்கெல்லாம் இங்கே அத்தை வீட்டுக்கு வந்து குழந்தை இயேசு கோயில் பாடல் குழுவில் பாடியவள். போட்டிக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றாள்.

உள்ளே யாரோ சிலர் தமிழில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. பழக்கதோஷத்தில் நான் எண்ண ஆரம்பித்தேன். பத்தோ பன்னிரண்டோ போனதும் ஒரு அம்மாள் பெருமூச்சு விட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"பாத்தீங்களாண்ணா? சும்மா இருக்கறத இங்கதான் கத்துகினேன். கிளம்பறத வண்டியில," என்றாள் அமலா. காலையில் நான் சொன்னதை அதற்குள் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அது நியாயம்தான்.

4.30, மர்பி டவுன். வீடுகளுக்கு நடுவே மைதானம், சுற்றிலும் தகரத் தடுப்பு, பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். பிரியாணி வாசனை தூக்கியது. எங்களுக்கு முன் ஆறு குழுக்கள். எல்லாம் கிளிக் வைத்த வாசிப்பு, ஆணி அறைந்தாற்போல் இருந்தது. அமலா பாட்டு எழுதிய தாளை மடித்து மடித்துப் பிரித்தாள். நான் ஏற்கெனவே இறுக்கியிருந்த டோலக் கயிற்றை மறுபடி இறுக்கினேன். இருபத்தேழு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

5.35க்கு மேடை ஏறினோம். மெதுவாக எடுத்தோம். கடலைக்காரரின் இழுப்புக்கே முன்வரிசை தலையாட்டியது. ஓடினோம். விக்ரம் கிளிக் இல்லாமல் என் கையைப் பார்த்தே வாசித்தான், நன்றாகவே வாசித்தான். பிறகு தளர்ந்தோம். பாட்டு நின்றது.

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பக்கவாட்டில் அறிவிப்பாளர் மைக்கை எடுத்துக்கொண்டு ஒரு படி ஏறினார். அமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்க முடியாது. கட்டையில் தட்டக் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை அப்படியே நின்றது. மைதானத்தின் பின்பக்கம் ஆட்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பைகளை எடுத்துத் தோளில் மாட்டினார்கள். நரைத்த மீசையும் டிபன் டப்பாவுமாக நடுவில் ஜெயராஜ். போன வருடம் போட்டி ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் எல்லாம் தங்கவயலில் வீட்டில் இருந்திருக்கிறார்கள். இன்று சனி. அரை நாள் வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, மர்பி டவுனிலேயே குடியேறிவிட்ட தங்கவயல் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே எழுந்தன. ஒரு காலத்தில் அதே வண்டியில் வந்தவர்கள்தானே! பை இல்லாதவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். என்ன நடக்கிறது என்று புரியாமல் நடுவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் படியிலேயே நின்றுவிட்டார்.

நான் கையை இறக்கினேன். எண்ணவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணவில்லை.

டப், டப்.

தகரத் தடுப்பில், ஒரு கை இல்லை, ஐம்பது அறுபது கைகள்.

"நின்னுட்டியா?" என்று கேட்டாள் அமலா. "வா போலாம்!" என்று மைதானமே பதில் சொன்னது. அதற்குப் பிறகு நான் வாசித்த வாசிப்பை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னால் எனக்கு வராது. மூன்று தடவை அந்த அடியைத் திருப்பிப் பாட வைத்தார்கள். அமலா அழுதுகொண்டே பாடினாள், ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை.

முதல் பரிசு அவளுக்குத்தான். கேடயம், அதோடு பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்தும் தருகிறார்கள். நடுவர்களில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அந்த இடத்துல எத்தனை கவுண்ட் விட்டீங்க சார்?" என்று கேட்டார்.

"தெரியாது சார். கிளம்பற வரைக்கும்," என்றேன்.

அமலாவையும் கேடயத்தையும் ஜெயராஜ் கூட்டம் ஊர்வலமாக ரயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. நான் விக்ரம் வீட்டில் தங்கினேன்.

ஞாயிறு காலை, சிட்டி ஸ்டேஷனிலிருந்து காட்பாடி வண்டி. வேலூரில் என் வீட்டு அலமாரியில் கிளிக் பெட்டி ஒன்று இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து ஒரே சீராக அடிக்கிறது. அதை விற்கப் போவதில்லை, கல்யாணக் கச்சேரிக்கு வேண்டுமே. ஆனால் எங்கள் ஊரிலும் இப்படி நிற்கிற இடம், கிளம்புகிற இடம் எத்தனை இருக்கும்? அவற்றின் மேலெல்லாம் நான் எண்ணிக்கொண்டே நடந்துபோயிருக்கிறேன்.

கன்டோன்மென்ட் தாண்டி வண்டி வேகம் எடுத்தது. நான் முணுமுணுக்க ஆரம்பித்தேன். தொங்கு பாலம் தெரிந்ததும் வண்டி தளர்ந்தது. கிருஷ்ணராஜபுரத்தில் நின்றது. நானும் நிறுத்தினேன். ஏறுகிறவர்கள் ஏறி முடித்தார்கள். என் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய்த் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. அந்த நொடி வண்டி கிளம்பியது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டியை நீங்கதான் ஓட்டறீங்களா சார்?"

"ஆமாங்க," என்றேன். "நேத்து சாயந்திரத்திலேருந்து."